முப்பது பக்கத்துக்குள் ஐந்து வருஷம்

நேயர்களுக்கு வணக்கம்.

கட்டடக்கலைப் படிப்பு ஐந்து வருஷம், பத்து செமஸ்டர். அதில் ஒரு செமஸ்டர் வகுப்பே கிடையாது. ஏதாவது ஓர் ஆர்க்கிடெக்ட் அலுவலகத்தில் சேர்ந்து வேலை பழக வேண்டும். அந்த இடத்தைப் பிடிக்கத்தான் மாணவர்கள் முதல்முதலாக போர்ட்ஃபோலியோ தயாரிக்க உட்காருகிறார்கள். "மார்க் ஷீட்டை அனுப்பினால் போதாதா?" என்று வீட்டில் கேட்பார்கள். போதாது. எங்கள் தொழிலில் மார்க் ஷீட் பேச்சு அப்புறம்தான் வரும். வரைந்ததைக் காட்டு என்பதுதான் முதல் பேச்சு. அப்படிக் காட்டுவதற்காக, செய்த வேலைகளில் சிலவற்றைப் பொறுக்கியெடுத்து இருபது, முப்பது பக்கத்தில் ஒரு பி.டி.எஃப். கோப்பாகக் கட்டி அனுப்புவதே போர்ட்ஃபோலியோ.

சென்னையில் சின்னதாக ஓர் அலுவலகம் நடத்துகிறேன். எங்களுக்கு வருகிறவற்றை நானே திறந்து பார்ப்பது வழக்கம். அப்படிப் பார்க்கிறவன் என்ற முறையில் சில விஷயங்களைச் சொல்கிறேன்.

நிறையப் பேர் அனுப்புவது கல்யாண ஆல்பம் மாதிரி இருக்கும். ஒருவரும் விட்டுப்போய்விடக் கூடாது என்ற கவலை அதில் தெரியும். முதல் செமஸ்டரில் வரைந்த கனசதுரம், கம்பியில் செய்த நாற்காலி, பஸ் நிறுத்தம், படிப்பகம், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று வருஷவாரியாக வரிசை. பார்க்கிறவருக்கு அவ்வளவு நேரம் இல்லை. முதல் சுற்றில் ஒரு போர்ட்ஃபோலியோவுக்குச் சில நிமிஷம் கிடைத்தாலே அதிகம். நான்கு வேலை போதும், மிஞ்சினால் ஐந்து. எது பலமானதோ அது முதலில் வரட்டும். முதல் வருஷத்து வேலை உண்மையிலேயே நன்றாக இருந்தால் ஒரே ஒரு பக்கம் கொடுக்கலாம்.

சரி, அந்த நான்கு வேலையில் எதைக் காட்டுவது? முடிந்துபோன கட்டடத்தை மட்டும் காட்டினால் பாதிதான் தெரியும். இந்தப் பிள்ளை எப்படி முடிவெடுக்கிறது என்பதைத்தான் நான் தேடுகிறேன். மனையில் ஒரு வேப்பமரம் இருந்தது, அதைச் சுற்றி மூன்று விதமாகப் பிளான் போட்டுப் பார்த்தேன், இரண்டை விட்டுவிட்டேன், காரணம் இது: இந்த விஷயம் தீப்பெட்டி அளவுப் படங்கள் மூன்றில் வந்துவிடும். கைவிட்ட பிளானைக் காட்டக் கூச்சப்படுகிறார்கள். எனக்கு அதுதான் சுவாரஸ்யம். பட்டர் பேப்பர் என்ற மெல்லிய தாளில் பென்சிலால் கிறுக்கியதை நல்ல ஸ்கேனரில் 300 டி.பி.ஐ.யில் எடுத்து வைத்தால், பத்து வரி விளக்கம் எழுதுகிற வேலை மிச்சம்.

இனி நான் அடிக்கடி பார்க்கும் கோளாறு ஒன்று. கல்லூரியில் வேலையை மதிப்பிடும் ஜூரிக்கு முன்னால் ஏ1 ஷீட்டில் வரைந்து சுவரில் குத்துகிறார்கள். அதே ஷீட்டை அப்படியே சுருக்கிப் போர்ட்ஃபோலியோவில் ஒட்டிவிடுகிறார்கள். ஏ1 தாள் ஏ3 ஆகும்போது நீளமும் அகலமும் சரிபாதியாகின்றன. ஷீட்டில் இரண்டரை மில்லிமீட்டர் உயரத்தில் இருந்த எழுத்து ஒன்றேகால் மில்லிமீட்டர் ஆகிவிடும். ஏ4 என்றால் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. எறும்பு ஊர்வதுதான் தெரியும். சுவரையும் தரையையும் பிரித்துக் காட்டிய தடித்த கோடும் மெல்லிய கோடும் ஒன்றாகிவிடும். இது போதாதென்று, ஓரத்தில் "அளவு 1:100" என்று அப்படியே நிற்கும்: படத்தில் ஒரு சென்டிமீட்டர், நிஜத்தில் ஒரு மீட்டர். ஏ3-யில் அது 1:200. அதாவது படம் பொய் சொல்கிறது. அளவு எண்ணை எடுத்துவிட்டு இத்தனை மீட்டர் என்று குறித்த அளவுக்கோடு ஒன்று போட்டுவிடுங்கள். படம் சுருங்கினால் கோடும் கூடவே சுருங்கும். வடக்குக் குறி வேண்டும். மற்றபடி, போர்ட்ஃபோலியோவுக்காகப் பிளானையும் செக்‌ஷனையும் புதிதாக ஒருமுறை எடுத்து, தேவையில்லாத பரிமாணங்களை நீக்கி, கோட்டின் தடிமனைத் திரும்ப அமைக்க வேண்டும். ஒரு வேலைக்கு இரண்டு, மூன்று நாள் பிடிக்கும். இந்த வேலையைச் செய்தவர் யார், செய்யாதவர் யார் என்பது முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

செக்‌ஷன் என்றால் கட்டடத்தைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் எப்படித் தெரியுமோ அந்தப் படம். பிளானை யாரும் ஒப்பேற்றிவிடலாம், செக்‌ஷனில் முடியாது. படிக்கட்டு ஏறும் இடத்தில் தலை இடிக்குமா, மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் போகும், வெளிச்சம் எதன் வழியாக இறங்கும் என்று எல்லாம் அதில் வெளியே வந்துவிடும். ஒரு வேலைக்கு ஒரு பெரிய செக்‌ஷன், முழுப் பக்கத்துக்கு. இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன்.

பழைய வீடுகளை அளந்து வரையும் பாடம் பல கல்லூரிகளில் உண்டு. டேப்பை எடுத்துக்கொண்டு காரைக்குடிப் பக்கம் போய்விடுவார்கள். முகப்பு, வளவு என்ற உள்முற்றம், அதைச் சுற்றிய அறைகள், பின்னால் இரண்டாம் கட்டு, அதற்கும் பின்னால் அடுப்படி என்று ஒரு தெருவிலிருந்து அடுத்த தெரு வரை நீளும் செட்டிநாட்டு வீட்டை அளப்பது சாதாரண வேலை இல்லை. அந்தப் படங்களை வெறும் குழு வேலை என்று ஒதுக்கிவிடாதீர்கள். வளவின் ஓரத்தில் தூணும் கல் விளிம்பும் சேரும் இடத்தை, ஆத்தங்குடி டைல்ஸ் எங்கே முடிந்து கருங்கல் எங்கே தொடங்குகிறது என்பது வரை ஒருவர் வரைந்திருந்தால், அவருக்குக் கண் இருக்கிறது என்று அர்த்தம். கணினியில் செய்த பத்துப் படம் இதைச் சொல்லாது.

குழு வேலை என்றதும் ஒரு பழைய கதை நினைவுக்கு வருகிறது. அமெரிக்க ஆர்க்கிடெக்ட் ஃபிராங்க் லாயிட் ரைட்டின் கட்டடப் படங்களை பெர்லினில் வாஸ்முத் என்ற பதிப்பகம் 1910-11இல் நூறு தாள்களாக வெளியிட்டது. உலகத்தின் மிகப் பெயர்பெற்ற போர்ட்ஃபோலியோ அதுதான் என்று சொல்லலாம். ஐரோப்பாவில் ரைட்டின் புகழ் பரவியதற்கு அது பெரிய காரணம். அதிலிருக்கும் படங்களில் கணிசமானவை அவர் அலுவலகத்தில் வேலை பார்த்த மரியன் மஹோனி என்ற பெண் வரைந்தவற்றிலிருந்து வந்தவை. அட்டையில் ரைட்டின் பெயர்தான். மஹோனியும் அவர் கணவர் வால்டர் பர்லி கிரிஃபினும் பிற்பாடு ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவின் நகரத் திட்டத்துக்கான போட்டியில் 1912இல் வென்றார்கள். அந்தப் போட்டிக்குப் போன அழகான படங்களும் மஹோனி கைவண்ணம். ஆனால் வெளியே அடிபட்டது கிரிஃபின் பெயர்.

அந்தக் காலம் அப்படி. இன்றைக்கு நான்கு பேர் சேர்ந்து செய்த வேலை, நான்கு பேர் போர்ட்ஃபோலியோவிலும் தனித்தனியாக அவரவர் வேலையாக வருகிறது. ஒரே வகுப்பிலிருந்து இரண்டு பேர் விண்ணப்பித்தால் எங்கள் மேஜையிலேயே குட்டு வெளிப்படும். பக்கத்தின் கீழே ஒரு வரி எழுதினால் முடிந்தது: நான்கு பேர் குழு, பிளானும் அட்டை மாடலும் என்னுடையவை, ரெண்டர் (கட்டடம் நிஜமாக நிற்பதுபோல் கணினியில் செய்த படம்) நண்பருடையது. அலுவலகத்தில் பயிற்சிக்கு இருந்தபோது செய்த படங்களுக்கும் இதே கணக்குதான். அந்த அலுவலகத்தின் அனுமதி கேட்டு, பெயரைப் போட்டு, நம் பங்கு என்ன என்று சொல்லிவிட வேண்டும். கட்டிக்கொண்டிருக்கும் வீட்டுக்காரர் பெயரும் முகவரியும் இருக்கிற படத்தை அப்படியே அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். நாளை எங்கள் படத்தையும் இப்படித்தானே அனுப்புவார் என்று தோன்றுமா, தோன்றாதா?

ரெண்டர் பற்றி ஒரு வார்த்தை. லூமியன், என்ஸ்கேப் மாதிரி மென்பொருள்கள் வந்த பிறகு எல்லாருடைய கட்டடமும் சாயங்கால ஆறு மணிக்கே நிற்கிறது. விழுப்புரம் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். வாசலில் ஓவர்கோட் போட்ட வெள்ளைக்காரர் நாயைப் பிடித்துக்கொண்டு போகிறார். மே மாத வெயிலில்! மென்பொருள் கொடுக்கிற ஆட்களை அப்படியே போட்டால் இதுதான் நடக்கும். சைக்கிளில் வரும் பிள்ளைகளை நாமே படமெடுத்து வெட்டி ஒட்டலாம். ஒரு வேலைக்கு இரண்டு ரெண்டர் போதும்.

அட்டை மாடலைப் படமெடுக்க ஸ்டூடியோ தேவையில்லை. பின்னால் கறுப்புச் சார்ட் பேப்பர், பக்கவாட்டில் ஜன்னல் வெளிச்சம், ஃபிளாஷ் வேண்டாம். 1:100 மாடலில் ஒரு மனிதரின் கண் உயரம் 16 மில்லிமீட்டர்தான். அந்த உயரத்துக்குக் கேமராவைக் கொண்டுபோக, செல்போனைத் தலைகீழாகப் பிடியுங்கள். லென்ஸ் மேல் மூலையில்தானே இருக்கிறது? தலைகீழானால் மேஜையோடு ஒட்டிவிடும். மேலிருந்து எடுத்தால் அட்டைப் பெட்டியாகத் தெரிந்த மாடல், இப்படி எடுத்தால் உள்ளே நடந்துபோகிற இடமாகத் தெரியும்.

இன்னொன்று, வேலை தரும் படம். கனவுக் கட்டடங்கள் நான்கு இருக்கட்டும். கூடவே ஒரு பக்கம், ஒரே பக்கம், கட்டுமான விவரப்படம் வையுங்கள். கழிவறையின் டைல்ஸ் பிரிப்பு, படிக்கட்டுக் கைப்பிடி, ஜன்னல் சட்டம் சுவரோடு சேரும் இடம், எதுவானாலும் சரி. சேர்ந்த முதல் வாரம் கையில் கொடுக்கப்போவது அநேகமாக அதைத்தான்.

கோப்பு 10, 15 எம்.பி.க்குள் அடங்கட்டும். ஜிமெயிலில் 25 எம்.பி.க்கு மேல் இணைப்பே போகாது. கோப்புக்கு உங்கள் பெயரை வையுங்கள். "ஃபைனல் ஃபைனல் 3" என்ற பெயரில் என்னிடமே பல கோப்புகள் கிடக்கின்றன, யாருடையவை என்று திறந்து பார்த்தால்தான் தெரியும். எந்த மென்பொருள் எத்தனை சதவீதம் தெரியும் என்று பட்டை போடுவது வேண்டவே வேண்டாம். ஆட்டோகேட் எண்பது சதவீதம் என்றால் என்ன கணக்கு?

அப்புறம் மின்னஞ்சல். 1951இல் லண்டனில் இருந்த இளைஞர் பாலகிருஷ்ண தோஷி, பாரிஸில் புகழ்பெற்ற ஆர்க்கிடெக்ட் லெ கார்பூசியேயிடம் வேலைக்குச் சேர விரும்பினார். விண்ணப்பத்தைச் சொந்தக் கையெழுத்தில் எழுதித் தரச் சொன்னார்கள். எழுதினார், இடம் கிடைத்தது. முதல் எட்டு மாதம் சம்பளம் இல்லை. பின்னாளில், 2018இல், கட்டடக்கலையின் பெரிய விருதான பிரிட்ஸ்கர் பரிசு பெற்ற முதல் இந்தியர் அவர். சம்பளமில்லாமல் வேலை வாங்குவதை நான் ஆதரிக்கவில்லை. கடிதத்தை மட்டும் கவனியுங்கள். நாற்பது அலுவலகங்களின் முகவரியை ஒரே வரிசையில் போட்டு, "டியர் சர்" என்று ஒரே கடிதம் வருகிறது. மற்ற முப்பத்தொன்பது பேர் யார் என்பதும் எனக்குத் தெரிகிறது. எங்கள் கட்டடம் ஒன்றைப் பற்றி இரண்டே வரி எழுதியிருந்தால் போதும், அந்தக் கோப்பை முதலில் திறப்பேன்.

கேட்டுக்கொண்டிருக்கும் பெற்றோருக்கு ஒன்று. பரணில் கிடக்கும் அட்டை மாடலையும் சுருட்டி வைத்த தாள்களையும் பழைய பேப்பர்காரரிடம் போடுவதற்கு முன் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். இன்னும் படமெடுத்திருக்க மாட்டார்கள். வணக்கம்.