மாத்திரை இரும்பு எங்கே போகிறது?

நேயர்களே, வணக்கம். மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் உணவு ஆலோசகராக இருக்கிறேன். என்னிடம் வருபவர்களில் பலர் வாயைத் திறக்கும் முன் பையைத்தான் திறப்பார்கள். அண்மையில், செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கும் ஓர் அக்கா வந்தார். பசார் மாலம் என்ற இரவுச் சந்தையில் வாங்கிய இரும்பு டானிக், துத்தநாக மாத்திரை, கல்லீரலைச் சுத்தம் செய்யுமாம் ஒரு கேப்ஸ்யூல், எல்லாவற்றையும் மேசையில் வரிசையாக வைத்தார். "ஒரே அசதியா இருக்கு மிஸ்ஸி. இதுல எதைக் கூட்டிக் குடிக்கலாம்?" என்று கேட்டார்.

இரும்பிலிருந்து தொடங்குகிறேன். நாம் விழுங்கும் இரும்பில் கொஞ்சம்தான் இரத்தத்தில் சேரும். மிச்சம் பெருங்குடலுக்கு இறங்கிவிடும். அங்கே கோடிக்கணக்கான நுண்ணுயிரிகள் குடியிருக்கின்றன. தயிரிலும் இருக்கிற நல்ல கிருமியான லாக்டோபாசில்லஸ் வகைக்கு இரும்பு அவ்வளவாகத் தேவையில்லை. நோய் உண்டாக்கக்கூடிய ஈ கோலை, சால்மொனெல்லா போன்றவை அப்படியல்ல. இரும்பைப் பிடித்து இழுப்பதற்கென்றே தனி வேதிப்பொருளைச் சுரப்பவை அவை. கென்யாவில் கைக்குழந்தைகளுக்கு இரும்பு கலந்த சத்துப்பொடி கொடுத்துப் பார்த்த ஆய்வு 2015இல் வெளிவந்தது. நோய் உண்டாக்கும் கிருமிகள் குடலில் பெருகின, குடல் அழற்சியும் கூடியது. கிருமித் தொற்று அதிகமுள்ள இடத்துக் குழந்தைகள் அவர்கள். அந்த முடிவை அப்படியே நமக்குப் பொருத்திவிடக் கூடாது. ஆனாலும் தேவையில்லாத இரும்பு சும்மா வெளியே போய்விடும் என்ற நினைப்பை மாற்றிக்கொள்ள அது போதும்.

சரி, கல்லீரல் இதில் எங்கே வருகிறது? கல்லீரலுக்குள் வரும் இரத்தத்தில் சுமார் முக்கால் பங்கு, குடல் பக்கத்திலிருந்து ஒரே பெரிய நாளம் வழியாக நேராக வருகிறது. அழற்சியால் குடல் சுவரின் கட்டு தளர்ந்தால், செத்த கிருமிகளின் துண்டு துணுக்குகள் முதலில் போய் இறங்குவது அங்கேதான். ஏற்கெனவே கொழுப்பு படிந்த கல்லீரலாக இருந்தால் அழற்சி இன்னும் மோசமாகும். உடம்பு எவ்வளவு இரும்பை உறிஞ்ச வேண்டும் என்று ஹெப்சிடின் என்ற ஹார்மோனால் கட்டளை போடுவதும் கல்லீரல், மிஞ்சும் இரும்பைச் சேர்த்து வைப்பதும் கல்லீரல். அளவுக்கு மீறிச் சேர்ந்தால் அந்த இரும்பே அதைப் புண்ணாக்கும்.

நம் நாட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. முகம் வெளுத்திருந்தால் உடனே இரும்புச்சத்துக் குறைவு என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். தலசீமியா என்ற பரம்பரை இரத்தக் கோளாற்றின் மரபணு உள்ளவர்களுக்கும் இரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு குறைவாக இருக்கலாம். ஆனால் அவர்களில் பலருக்கு இரும்பு குறைந்திருக்காது. அதனால் டானிக்கைத் திறப்பதற்கு முன் அரசு சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானில், உடம்பில் சேர்ந்திருக்கும் இரும்பின் அளவைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். அது குறைவாக இருந்தால் இரும்பு வேண்டும். கூடுதலாக இருந்தால் கொழுப்புக் கல்லீரலாலும் அப்படிக் காட்டலாம், டாக்டர்தான் பிரித்துச் சொல்ல வேண்டும். கர்ப்பிணிகளே, கிளினிக்கில் கொடுத்த மாத்திரையை என் பேச்சைக் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். தே தாரிக்கோடு மட்டும் விழுங்காதீர்கள். தேயிலைச் சத்து இரும்பைக் கட்டிப் போட்டுவிடும். எலுமிச்சைச் சாற்றோடு சாப்பிட்டால் நன்றாக உறிஞ்சும். முருங்கைக் கீரைக்கும் இதே கதைதான்.

துத்தநாகம் குடல் சுவரின் உயிரணுக்களை நெருக்கமாகப் பிடித்து வைக்க உதவுகிறது. வயிற்றுப்போக்குள்ள குழந்தைகளுக்கு அதை 10 முதல் 14 நாள் வரை கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். பெரியவர்கள் மாதக்கணக்கில் அதிக அளவில் விழுங்கினால் உடம்பில் செம்புச் சத்து குறைந்துபோகும். நெத்திலி, முட்டை, பருப்பு சாப்பிடுகிறவர்களில் பெரும்பாலோருக்கு மாத்திரை தேவைப்படாது. கல்லீரலைச் சுத்தம் செய்யும் கேப்ஸ்யூலா? அந்தக் காசுக்கு மீன் வாங்கலாம்.

எனக்கு அதிகம் கவலை தருவது உப்புதான். அதுவும் தாதுப்பொருள்தானே! 2017இல் வந்த ஓர் ஆய்வில், ஆரோக்கியமான 12 ஆண்களுக்கு 14 நாள் தினமும் 6 கிராம் உப்பு கூடுதலாகக் கொடுத்தார்கள். இரத்த அழுத்தம் ஏறியது, குடலில் இருந்த லாக்டோபாசில்லஸ் வகைகள் பெரும்பாலும் காணாமல் போயின. சின்ன ஆய்வுதான். ஆனால் உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பை வைக்கச் சொல்லும்போது, 2017-18இல் எடுத்த கணக்குப்படி மலேசியர்கள் சராசரியாக 7.9 கிராம் சாப்பிட்டோம். கருவாட்டை ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். கருவாட்டுக் குழம்பு வைக்கும் அன்று தனியாக உப்பு போடாமல் கொதிக்கவிட்டு, ருசி பார்த்த பிறகு வேண்டுமானால் சேருங்கள். இன்ஸ்டன்ட் மீ பாக்கெட்டில் வரும் பொடியில் பாதியைக் குப்பையில் போடுங்கள். பிள்ளைகள் முதல் வாரம் முகத்தைச் சுளிப்பார்கள், அப்புறம் பழகிவிடும்.