வழுக்கி விழுந்துட்டேன் மிஸ்ஸி

(இலங்கையில மஸ்கெலியா பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக் கோயில் வாசல்ல, மாகாண சபைத் தேர்தல்ல நிக்கப்போற ஒரு முன்னாள் மிட்வைஃப் பேசினது. ஃபோன்ல பதிஞ்சத அப்பிடியே எழுதிருக்கு.)

எல்லாருக்கும் வணக்கம். மைக் கொஞ்சம் கரகரங்குது, பின்னால கேக்குதா? சரி. கொழுந்து நிறுத்துட்டு கையக் கழுவுனதும் கழுவாததுமா வந்திருக்கீங்க, வீட்டுல இன்னும் அடுப்பு பத்த வச்சிருக்க மாட்டீங்க, அதனால நான் நீட்டல. இப்பிடிச் சொல்லிட்டுத்தான் எல்லாரும் ஒரு மணித்தியாலம் பேசுவாங்க, அதுவும் எனக்குத் தெரியும்.

என்னய இங்க பாதிப் பேருக்கு மிஸ்ஸியாத்தான் தெரியும். ஒங்க புள்ளைங்கள தராசுல தொங்கப் போட்டு நிறை பார்த்தவ, கார்டக் காணோம்னு ஏசுனவ. இப்ப ஓட்டுக் கேட்டு வந்திருக்கேன், ஆஸ்பத்திரியப் பத்தியும் பொலிசப் பத்தியும் பேசப்போறேன். ரெண்டுக்கும் என்ன சம்மந்தம்னு கேட்டாங்க, எங்க கட்சிக்காரவங்களே கேட்டாங்க. ஒரு சங்கதி சொல்றேன், அப்புறம் நீங்களே பாருங்க.

ஒரு நாள் கிளினிக்குக்கு ஒரு தங்கச்சி வந்துச்சு, ஆறு மாசம் வயித்துல. பிரஷர் பாக்க கையத் தூக்கச் சொன்னா தூக்க மாட்டேங்குது, முந்தானைய இழுத்து இழுத்து மூடுது. நான் மெதுவா வெலக்கிப் பார்த்தா மேல்கையில நாலு விரல் தடம், நீலமா. என்னம்மா இதுன்னேன். "மலையில வழுக்கி விழுந்துட்டேன் மிஸ்ஸி"ன்னு சொல்லுச்சு. நம்ம எல்லாரும் மலையில வழுக்கினவங்கதான், வழுக்கினா முழங்கால் சிராய்க்கும், உள்ளங்கை கிழியும், மேல்கையில நாலு விரல் பதியாது. எனக்கும் தெரியும், அதுக்கும் தெரியும். நான் என்ன பண்ணேன் தெரியுமா, பொஸ்தகத்துல "வழுக்கி விழுந்தது"ன்னே எழுதினேன். அத இன்னைக்கு நெனச்சாலும் எனக்கு வெக்கமா இருக்கு.

ஆனா அந்தப் புள்ள ஏன் பொய் சொல்லுச்சு? பயம்னு லேசா சொல்லிறலாம், அது பயம் இல்ல, கணக்கு. உண்மையச் சொன்னா ஆஸ்பத்திரிப் பொலிசுக்குப் போகும், பொலிஸ்ல என்ட்ரி, அதான் முறைப்பாடு, போடணும், அங்க ஐயா சிங்களத்துல எழுதுவாரு, என்ன எழுதினாருன்னு தெரியாமலே கையெழுத்து வைக்கணும், புருசன ரிமாண்ட் பண்ணா அந்த மாசம் அவனுக்குப் பேரு, அதான் நாள் சம்பளம், விழாது, அடுத்த தவணைக்கு ஹட்டன் கோர்ட்டுக்குப் போக இவளுக்கும் ஒரு நாள் பேரு போகும், லோயருக்குக் காசு, தண்டப்பணம் போட்டா அதையும் இவதான் காதுல கெடக்குறத அடகு வச்சுக் கட்டணும். அடி வாங்குனதும் இவ, தண்டம் கட்டுறதும் இவ. அப்ப வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்லாம வேற என்ன சொல்லுவா?

இதுல இருந்துதான் என் கொள்கை எல்லாம் வருது. ஆஸ்பத்திரியில உண்மை சொன்னா நமக்கு நட்டம் வராதுங்கிற நெலம வரணும், எனக்கு வேண்டியது அதுதான்.

சட்டம் இருக்கு, அதச் சொல்லாம விட்டா பாவம். 2005 ஆம் ஆண்டு 34ஆம் இலக்கச் சட்டம், வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம். அதுல நீதவான்கிட்ட போய் பாதுகாப்புக் கட்டளை கேக்கலாம், மொதல்ல இடைக்காலக் கட்டளை, விசாரிச்சு முடிச்சா ஒரு வருசம் வரைக்கும். அவன் கிட்ட வரக்கூடாது, அடிக்கக்கூடாதுன்னு கோர்ட் சொல்றது, அவ்வளவுதான், அவன ஜெயில்ல போடணும்னு கட்டாயம் இல்ல, அந்தக் கட்டளைய மீறினாத்தான் குத்தம். இது நம்ம லயத்து வீடுகள்ல எத்தன பேருக்குத் தெரியும்? கையத் தூக்குங்க பாப்போம். ...ரெண்டு பேரு. அதுல ஒருத்தி என் மக. அரசாங்க ஆஸ்பத்திரி சிலதுல மிதுரு பியசன்னு ஒரு அறை இருக்கு, தமிழ்ல நட்பு நிலையம்னு போர்டு போட்டிருப்பாங்க, அங்க அடி வாங்குனவங்க தனியா ஒக்காந்து பேசலாம். நான் ஜெயிச்சா அந்த அறையில நம்ம பாஷை பேசுற ஒரு பொம்பளை ஆள ஒக்கார வைக்கணும்னு கேப்பேன், அது மாகாண சுகாதாரத்தோட வேல, அது என்னால ஏலும்.

ஏலாதத சொல்றேன் கேளுங்க. பொலிச நான் மாத்திருவேன்னு எவனாவது மாகாண சபை வேட்பாளர் வந்து இந்த மேடையில சொன்னான்னா அவனுக்கு டீ குடுத்து அனுப்பிருங்க. 1987ல வந்த அரசியலமைப்போட 13ஆவது திருத்தத்துல மாகாணத்துக்குப் பொலிஸ் அதிகாரம்னு எழுதிருக்கு, எழுதினதோட சரி, இதுவரைக்கும் எந்த மாகாணத்துக்கும் குடுக்கல. ஆனா அதே திருத்தத்தோட மாகாணப் பட்டியல்ல சுகாதாரம் இருக்கு, கிராமத்து ஆஸ்பத்திரி, பிரசவ விடுதி, டிஸ்பென்சரி, போசாக்கு எல்லாம் மாகாணத்துக்குத்தான். நம்ம மத்திய மாகாணத்துல கடைசியா ஓட்டுப் போட்டது 2013 செப்டம்பர், அந்த சபையோட காலம் 2018ல முடிஞ்சு போச்சு, அதுக்கப்புறம் ஆளுநரும் அதிகாரிமாரும்தான் ஓட்டுனாங்க. நம்ம கேள்விய நம்ம பாஷையில கேக்க அங்க ஒரு ஆள் இல்லாமலே வருசக்கணக்கு ஓடிருச்சு.

என்ட்ரி விசயத்துல எங்க நிக்கிறேன்னா, அதே 13ஆவது திருத்தம்தான் தமிழையும் அரச கரும மொழியாக்குச்சு. அதனால தமிழ்ல எழுதிக் குடுங்கன்னு கேக்குறது சண்டித்தனம் இல்ல, நம்ம உரிமை. என் சொந்தத் தம்பிக்கு நடந்தது சொல்றேன், எந்த ஸ்டேசன்னு சொல்லல. பக்கத்து லயத்துல மரக்கறிப் பாத்தி தகராறு, இவன் வெலக்கப் போனவன். வாக்குமூலம் எழுதினாங்க, கையெழுத்து வச்சான், கோர்ட்ல வாசிக்கும்போதுதான் தெரியுது, வெலக்கினேன்னு இவன் சொன்னது தள்ளினேன்னு ஆயிருக்கு. ஒரு வினைச்சொல்லுதான். அதுக்காக பதினொரு தவணை போனான். எழுதினவரு கெட்டவர்னு நான் சொல்லல, அவருக்கு தமிழ் அரைகுறை, இவனுக்கு சிங்களம் அரைகுறை, ரெண்டு அரையும் சேர்ந்து ஒன்னா ஆகல. அதனால இந்த மலைநாட்டு ஸ்டேசன் ஒவ்வொன்னுலயும் ராத்திரி ஷிஃப்டுலயும் தமிழ் எழுதத் தெரிஞ்ச ஒருத்தர் வேணும்னு பார்லிமென்ட்ல இருக்க நம்ம ஆளுங்கள நான் வெரட்டுவேன். வெரட்டத்தான் முடியும், போட முடியாது.

இப்ப போதைப்பொருள், இந்த ஐஸ், தூள். அண்ணே நீங்க தலைய ஆட்டுறீங்க, ஒங்க மூத்தவன் கதை எனக்குத் தெரியும், பேரு சொல்ல மாட்டேன். பல மேடையில தூக்குல போடணும்னு சொன்னா கைதட்டு வரும். 2019ல அப்ப இருந்த ஜனாதிபதி சிறிசேன, போதைப்பொருள் கேஸ்ல நாலு பேர தூக்குல போட கையெழுத்தே வச்சாரு, உச்ச நீதிமன்றம் நிப்பாட்டுச்சு. இந்த நாட்டுல கடைசியா தூக்கு நடந்தது 1976ல. அப்புறம் 2023 டிசம்பர்ல யுக்தியன்னு போதைப்பொருளுக்கு எதிரா ஒரு பொலிஸ் நடவடிக்கை, ஆயிரக்கணக்குல புடிச்சாங்க. புடிச்சு எங்க போட்டாங்க? ஏற்கனவே எடம் இல்லாத ஜெயில்ல. நம்ம நாட்டுச் சிறையில இருக்க வேண்டியதுக்கு ரெண்டு மடங்குக்கு மேல ஆள் இருக்காங்க, அதுல பெரும்பங்கு தீர்ப்பே வராத ரிமாண்ட் கைதிங்க, தண்டனை வாங்கினவங்கள்லயும் நெறையப் பேரு தண்டப்பணம் கட்ட காசில்லாம உள்ள கெடக்குறவங்க. பொடியன் ஒருத்தன் அரைக் கிராமோட உள்ள போயி பெரிய ஆளுங்க பழக்கத்தோட வெளிய வர்றான். சமுதாயஞ்சார் சீர்திருத்தம்னு 1999ல ஒரு சட்டம் இருக்கு, சின்னக் குத்தத்துக்கு ஜெயிலுக்குப் பதிலா வெளிய வேல செய்ய வைக்கலாம். நான் அது பக்கம். விக்கிறவன விடச் சொல்லல, குடிக்கிறவன ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கன்றேன்.

இது மெதுமெதுப்பான பேச்சுன்னு நெனைக்கிறவங்களுக்கு ஒன்னு. 1995ல இந்த நாட்டுல லட்சம் பேருக்கு 47 பேரு தற்கொலை பண்ணிக்கிட்டாங்க, ஒலகத்துலயே மேல இருந்த நாடுகள்ல ஒன்னு. நம்ம தோட்டத்துல ஒவ்வொரு லயத்துலயும் ஒரு வீடு ஞாபகம் வரும், வேணாம், அத நெனைக்க வைக்கல. அந்தக் காலத்துல தற்கொலைக்கு முயற்சி பண்றது குத்தம், பொழைச்சு வந்தவங்க மேலயும் கேஸ் வரும். அதனால வீட்டுக்காரவங்க என்ன சொல்லுவாங்க? தெரியாமக் குடிச்சிருச்சு, தண்ணின்னு நெனச்சிருச்சு. அதே வழுக்கி விழுந்த கதைதான். 1998ல அந்தக் குத்தத்த சட்டத்துல இருந்து எடுத்தாங்க. இன்னொரு பக்கம் ரொம்ப வெஷமான பூச்சி மருந்துங்கள ஒன்னொன்னா தடை பண்ணாங்க, பெறகு நம்ம களைக்கு அடிச்ச பரகுவாட்டும் போச்சு. இப்ப அந்தக் கணக்கு மூனுல ஒரு பங்குக்கிட்ட எறங்கியிருக்கு. அதுக்குப் பெரிய பங்கு மருந்துத் தடைதான்னு ஆராய்ச்சிக்காரவங்க சொல்றாங்க. யாரையும் அடைச்சு எறங்கல, கையில கெடைக்கிறத எடுத்ததால எறங்குச்சு.

ஆஸ்பத்திரிக்கு வர்றேன், இது நீங்க அறிஞ்சதுதான், சுருக்கா சொல்றேன். 1992ல தோட்டங்கள கம்பெனிங்ககிட்ட குடுத்தாங்க, டிஸ்பென்சரியும் கூடவே போச்சு, அதுக்கப்புறம் கொஞ்சத்த அரசாங்கம் எடுத்துச்சு, மிச்சம் அந்தரத்துல. டிக்கோயாவுல 150 கட்டில் ஆஸ்பத்திரி இருக்கு, 2017 மே மாசம் மோடி வந்து தொறந்தாரு, நம்மள்ல பாதிப் பேரு நோர்வூட் கிரவுண்டுல நின்னு பார்த்தோம். கட்டில் இருக்கு, அங்க போய்ச் சேர்றதுதான் பாடு. 1990 நம்பருக்கு ஃபோன் அடிச்சா அம்புலன்ஸ் வருது, காசில்லாம வருது, நல்ல புள்ளைங்க. ஆனா மெயின் ரோட்டுல நிக்கும், மேல் டிவிசனுக்கு ஏறாது. போன மழைக்கு ஒரு அக்காவ கம்பளியில போட்டு நாலு பேரு தூக்கிட்டு எறங்குனாங்க, முன்னால ஒருத்தன் ஃபோன் வெளிச்சம் காட்டிக்கிட்டு, அட்டை கால்ல ஏறுறத தட்டக்கூட கையில்ல. கொழந்த பாதி வழியில பொறந்துச்சு. நல்லா இருக்கு, அதோ அந்த செகப்பு ஸ்வெட்டர்.

தோட்டத்துக்குள்ள ரோடு போட பிரதேச சபைக்குச் சட்டத்துல எடமில்லன்னு சொன்னா நம்பாதீங்க. தோட்டத்துக்குள்ள செலவழிக்க 1987 பிரதேச சபைச் சட்டத்தோட 33ஆம் பிரிவு தடையா இருந்துச்சு, 2018ல திருத்திட்டாங்க, இப்ப போடலாம். தோட்டத்துத் தொரைகிட்ட கேளு, கம்பெனிகிட்ட கேளுன்னு இனி அலைய விடக்கூடாது. போசாக்குக் கணக்கு சொன்னா நம்ம மனசு வலிக்கும், 2016 கணக்கெடுப்புல அஞ்சு வயசுக்குக் கீழ வளத்தி கொறஞ்ச புள்ளைங்க நாட்டுல நூத்துக்கு 17, தோட்டத்துல 32கிட்ட. நாம வேலைக்குப் போறப்ப புள்ளைங்கள விட்டுட்டுப் போற புள்ளைமடுவத்துல ஒரு முட்டையும் பருப்பும் குடுக்க நான் ஒரு வரி எழுத வைப்பேன் பட்ஜெட்ல.

மழை வர்ற மாதிரி மேட்டு லயத்துப் பக்கம் இருட்டிருச்சு. பேச்ச நிப்பாட்டுறேன். யாருகிட்டயாவது பொலிஸ் துண்டோ கோர்ட் தாளோ வாசிக்கத் தெரியாம இருந்தா நாளைக்குக் கொண்டு வராதீங்க, இப்பவே குடுங்க, கோயில் மடத்துல லைட் இருக்கு, நான் வாசிச்சு சொல்றேன். தம்பி, அந்த மைக்க கழட்டு.