கதவைச் சாத்திக்கொள்ளும் மாதங்கள்

வணக்கம் நேயர்களே. “பனியில் நின்றேன் டாக்டர், சளி பிடித்துவிட்டது” என்று குளிர்காலம் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருப்பேன். சளியைத் தருவது வைரஸ்தான், ரைனோவைரஸ் போன்றவை. ஆனாலும் அவர்கள் சொல்வதை அப்படியே தள்ளிவிட முடியாது, ஏனென்றால் குளிர்ந்த காற்றை இழுக்கும்போது மூக்கின் உட்பகுதி குளிர்ந்து அங்கிருக்கும் எதிர்ப்பு கொஞ்சம் தளர்கிறது, காற்று வறண்டிருந்தால் ஃபுளூ வைரஸும் அதிக நேரம் தாக்குப்பிடிக்கிறது. இதோடு நாம் செய்யும் காரியமும் சேர்ந்துகொள்கிறது. குளிருதே என்று ஜன்னலையெல்லாம் அடைத்துவிட்டு, வீட்டில் உள்ள அத்தனை பேரும் ஒரே அறையில் ஒருவர் விட்ட மூச்சை இன்னொருவர் இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். ஒருவர் தும்மினால் போதும்.

அதனால் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவையாவது, பத்து நிமிஷம், எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். வெளியே போய் வந்தால் சோப்புப் போட்டு 20 விநாடி கை கழுவுங்கள். சாதாரணச் சளிக்கு ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்காதீர்கள், வைரஸை அது ஒன்றும் செய்யாது.

ஃபுளூ ஊசி பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். வருஷா வருஷம் எதற்கு என்றால், அந்த வைரஸ் உருவத்தை மாற்றிக்கொண்டே இருக்கிறது, உலக சுகாதார நிறுவனம் வருஷத்துக்கு இரண்டு முறை எந்த வகைகளைச் சேர்க்க வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. போட்ட பிறகு உடம்பு தயாராக இரண்டு வாரம் ஆகும், ஆகவே வீட்டில் ஒருவர் படுத்த பிறகு ஓடாமல் குளிர் தொடங்குவதற்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள். வயதானவர்கள், கர்ப்பிணிகள், சர்க்கரை, ஆஸ்துமா உள்ளவர்கள் தவறவிடக் கூடாது.

இப்போது நான் அதிகம் கவலைப்படும் விஷயத்துக்கு வருகிறேன். குளிரில் ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன, பிரஷர் ஏறுகிறது. மாரடைப்பும் பக்கவாதமும் குளிர் மாதங்களில் கூடுவது பல நாடுகளில் பார்த்த உண்மை. கோடையில் சரியாக இருந்த அதே மாத்திரை இப்போது போதாமல் போகலாம், அதனால் பிரஷர் உள்ளவர்கள் ஒருமுறை கட்டாயம் பரிசோதித்துப் பாருங்கள். நடைப்பயிற்சியை நிறுத்த வேண்டாம், வெயில் வந்த பிறகு போங்கள், அந்த வெயிலும் உடம்புக்குத் தேவைதான். படுக்கையிலிருந்து எழுந்ததும் மெல்லிய சட்டையோடு வெளியே போகாமல் தலை, காது, கழுத்தை மூடிக்கொண்டு போங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் மூக்கையும் வாயையும் மறைத்து ஒரு துணி சுற்றிக்கொண்டால் உள்ளே போகும் காற்று கொஞ்சம் சூடாகும், இன்ஹேலரும் பையில் இருக்கட்டும்.

அப்புறம் தண்ணீர். குளிரில் தாகம் தெரியாது, சிறுநீர் மட்டும் அடிக்கடி போகும். தாகத்துக்காகக் காத்திருக்காமல் வெதுவெதுப்பாகக் குடியுங்கள். தோல் வெடிப்பதற்கு, கொதிக்கக் கொதிக்க ஊற்றிக் குளிப்பதும் ஒரு காரணம், தோலில் உள்ள எண்ணெய்ப் பசையை அது எடுத்துவிடும்.

கடைசியாக ஒன்று, தயவு செய்து இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லுங்கள். பூட்டிய அறைக்குள் கரி அடுப்பு மூட்டிக் குளிர்காயாதீர்கள். கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது, ஆக்சிஜனை ஒதுக்கிவிட்டு ரத்தத்தில் அதுவே ஒட்டிக்கொள்ளும். தூங்குகிறவர்களுக்கு எதுவும் தெரியாமலே எல்லாம் முடிந்துவிடும். அறையில் இருக்கும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, மயக்கம், குமட்டல் வந்து, வெளியே வந்ததும் சற்றுத் தெளிகிறது என்றால் சந்தேகப்படுங்கள். உடனே கதவைத் திறந்து எல்லோரையும் வெளியே கொண்டுவாருங்கள், அதற்கப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், தலைவலி போய்விட்டதே என்று திரும்ப உள்ளே போய்ப் படுக்காதீர்கள்.