வேலி போடாத ஊர்: லாக்ஸ்டன்

[காட்சி: ட்ரோன். வேலியே இல்லாத அகலமான வயல்வெளி.]

இங்கிலாந்து கிராமம்னா சின்னச் சின்னப் பச்சைக் கட்டம், சுத்தி உயிர்வேலி. இதைத்தானே படத்துல பார்த்திருக்கோம்? மத்திய இங்கிலாந்துல அந்த வேலிகள்ல நிறைய, 18, 19-ஆம் நூற்றாண்டுகள்ல பார்லிமென்ட் சட்டம் போட்டு வந்ததுதான். அதுக்கு முந்தின நிலம் எப்படி இருந்துச்சுன்னு பார்க்கணுமா? நாட்டிங்ஹாம்ஷயர்ல இருக்கிற லாக்ஸ்டனுக்கு வாங்க.

[காட்சி: ஊர்த் தெரு. செங்கல் பண்ணை வீடுகள்.]

பண்ணை வீடெல்லாம் தெருவுலயே இருக்கு பாருங்க. மத்த ஊர்கள்ல வேலி வந்து நிலம் ஒரே இடத்துல சேர்ந்ததும், பல விவசாயிகள் நிலத்து நடுவுல வீடு கட்டிக்கிட்டாங்க. இங்க அது முடியாது. மேற்கு வயல், மில் வயல், தெற்கு வயல்னு மூணு பெரிய வயல். ஒவ்வொருத்தர் நிலமும் மூணுலயும் துண்டு துண்டா சிதறிக் கிடக்கு. நல்ல மண்ணும் மோசமான மண்ணும் எல்லாருக்கும் கலந்து வரும்.

பயிரும் சுழற்சிதான். ஒரு வயல்ல குளிர்காலக் கோதுமை, அடுத்ததுல வசந்தத்துல விதைக்கிற பயிர், மூணாவது வயல் தரிசு. அடுத்த வருஷம் மாறும்.

[காட்சி: 1635 வரைபடம். ஏர் ஓட்டுறவங்க, அறுக்கிறவங்க.]

மார்க் பியர்ஸ் 1635-ல அளந்த வரைபடம் இது. இப்போ ஆக்ஸ்ஃபோர்டு பாட்லியன் நூலகத்துல இருக்கு. அன்னைக்கு இருந்த துண்டுகளைவிட இப்போ ரொம்பக் கம்மி. 20-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்துல நிறையத் துண்டுகளை ஒண்ணாச் சேர்த்துட்டாங்க. டிராக்டரும் ஓடுது. அதனால இதை அருங்காட்சியகம்னு நினைச்சுடாதீங்க, பிழைப்பு நடக்கிற நிலம்.

[காட்சி: நவம்பர் கடைசி. சேத்துல நடக்கிற கூட்டம், கையில மரக்குச்சி.]

எனக்கு ரொம்பப் பிடிச்சது இந்த இடம். வயலுக்கு நடுவுல உழாம விட்ட புல்தரை இருக்கு, பேரு 'சைக்'. நம்ம ஊர் மேய்ச்சல் புறம்போக்கு மாதிரின்னு வெச்சுக்குங்க. பக்கத்து நிலக்காரர் ஒரு சால் தள்ளி உழுதா அது கரைஞ்சுடும். அதைப் பிடிக்கத்தான் ஊர் ஜூரி, அதாவது வயலைப் பார்வையிடுற விவசாயிகள் குழு. கோதுமை விதைச்ச வயல் முழுக்க நடந்து, எல்லை தப்பின இடத்துல குச்சி அடிப்பாங்க. அப்புறம் டவ்கோட் பப்புல 'கோர்ட் லீட்'ங்கிற பழைய ஊர் நீதிமன்றம் கூடும், அபராதம் போடும். தொகை சொற்பம்தான். ஆனா அத்தனை பேர் முன்னாடி தன் பேரைக் கேட்கிறது இருக்கே, அதுதான் நிஜமான தண்டனைன்னு நினைக்கிறேன்! இது வேடிக்கைக்கு நடத்துற சடங்கும் இல்ல. 1977-ல இந்த மாதிரிப் பழைய நீதிமன்றங்களோட அதிகாரத்தைச் சட்டம் பறிச்சப்போ, லாக்ஸ்டனை மட்டும் விட்டு வெச்சாங்க.

இங்க மட்டும் ஏன் வேலி வரல? 19-ஆம் நூற்றாண்டுல ரெண்டு பெரிய நிலச்சுவான்தார்கள் ஒத்துப்போகலைங்கிறதுதான் முக்கியமான காரணம்னு சொல்றாங்க. பாரம்பரியத்தைக் காப்பாத்தணும்னு அப்போ யாரும் கிளம்பல.

பின்னாடி 1952-ல விவசாய அமைச்சகம் நிலத்தை வாங்குச்சு. 1981-ல அரசமுடிச் சொத்துக்களை நிர்வகிக்கிற கிரவுன் எஸ்டேட் கைக்குப் போச்சு, 2020-ல தோர்ஸ்பி எஸ்டேட்ங்கிற தனியார் நிலச்சுவான்தார் கைக்கு. உழறவங்க குத்தகைதாரர்கள்தான். முதலாளி மாறினாலும் ஜூரி இன்னும் வயல்ல இறங்குது.