மயிற்பீலியில் நீலமே இல்லை

[காட்சி: திண்ணையில் ஒரு பழைய நோட்டு. பிரித்தால் நடுப்பக்கத்தில் நசுங்கிய மயிற்பீலி.]

வணக்கம். கொழிஞ்சாம்பாறையிலிருந்து பேசுகிறேன். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நடுநடுவே மைக்கில் மோதும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பீலி என் அக்கா மகளுடையது. நாலாம் வகுப்பு படிக்கிறாள். நோட்டுக்குள் வைத்துப் பென்சில் சீவலைத் தூவினால் பீலி குட்டி போடும் என்று நாமெல்லாம் நம்பியவர்கள்தானே. எங்களுடையது எல்லை ஊர் என்பதால் கூடுதலாக ஒரு நிபந்தனை உண்டு. மலையாளம் மீடியத்துப் பிள்ளைகள் சொல்வது: பீலிக்கு வானத்தைக் காட்டக் கூடாது, காட்டினால் பெறாது. இவள் எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டையும் கடைப்பிடிக்கிறாள். "மாமா, வாசல்ல வெச்சுத் தொறந்துராதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் நோட்டையே கையில் கொடுத்தாள்.

எனக்கோ வெளிச்சம் வேண்டும். அதனால் தென்னந்தோப்பில் உதிர்ந்து கிடந்த வேறொரு பீலியை எடுத்து வந்திருக்கிறேன். இங்கே அதற்குப் பஞ்சமில்லை. மயில் என்றால் வெளியூர்க்காரர்கள் கேமராவை எடுப்பார்கள். எங்கள் பெரியப்பா கம்பை எடுப்பார். நிலக்கடலையும் தக்காளியும் போட்டவருக்குத்தான் அந்த வலி தெரியும்.

[காட்சி: பீலியின் கண், நெருக்கத்தில். பிறகு அதே பீலி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராக.]

சரி, பாருங்கள். வெளிச்சம் என் முதுகுப் பக்கமிருந்து பீலிமேல் விழுகிறது. நடுவில் கருநீலம், சுற்றி மயில்கழுத்துப் பச்சை, அதற்கு வெளியே செம்புநிறம். இப்போது இதை ஜன்னலுக்கு நேராகப் பிடிக்கிறேன். வெளிச்சம் பீலிக்குப் பின்னாலிருந்து வருகிறது. நீலம் எங்கே? பச்சை எங்கே? வெறும் பழுப்பு. காய்ந்த தென்னோலை நிறம்.

அந்தப் பழுப்புதான் பீலியின் சொந்த நிறம். உள்ளே இருப்பது மெலனின், நம் தலைமுடியைக் கறுப்பாக்கும் அதே பொருள். நீலச்சாயம் என்று ஒரு துளிகூட அதில் கிடையாது. பீலியை அரைத்துப் பொடியாக்கினால் கிடைப்பது பழுப்புப் பொடிதான்.

அப்படியானால் நீலம் எங்கிருந்து வருகிறது? பீலியின் நுண்ணிழைகளுக்குள் மெலனின் சின்னச் சின்னக் குச்சிகளாக வரிசைகட்டி நிற்கிறது. செங்கல் சூளையில் அடுக்கியதுபோல, ஒரே சீரான இடைவெளியில். ஷாங்காயின் ஃபுடான் பல்கலைக்கழகத்தார் 2003-ல் அந்த இடைவெளியை அளந்தார்கள். நீலப் பகுதியில் சுமார் 140 நானோமீட்டர், பச்சையில் 150, மஞ்சளில் 165.

நானோமீட்டர் என்றால் மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. நம் விரல் நகம் வினாடிக்கு ஏறத்தாழ ஒரு நானோமீட்டர் வளர்கிறது. நான் இந்த வரியைச் சொல்லி முடிப்பதற்குள் உங்கள் நகம் ஐந்தாறு நானோமீட்டர் நீண்டிருக்கும்.

ஒளியும் அலைதான். குளத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கல்லைப் போட்டுப் பாருங்கள். அலையும் அலையும் ஒத்து வருகிற இடத்தில் தண்ணீர் எழும்பும், ஒவ்வாத இடத்தில் அடங்கிவிடும். பீலிக்குள்ளும் ஒவ்வொரு வரிசைக் குச்சியும் கொஞ்சம் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. 140 இடைவெளிக்கு நீல அலைகள் ஒத்துப்போகின்றன, மற்றவை ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. குச்சிகளைப் பத்தே நானோமீட்டர் தள்ளி வைத்தால் பச்சை. இந்தப் பத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இது புதுச்சேதி ஒன்றும் கிடையாது. பீலி நனைந்தால் நிறம் போய்விடுகிறது என்று ராபர்ட் ஹூக் 1665-லேயே எழுதிவிட்டார். சாயம் என்றால் நனைந்ததற்காகக் காணாமல் போகுமா? புதுச்சேதி 2025 ஜூலையில் வந்தது. அமெரிக்காவில் ஃபுளோரிடா பாலிடெக்னிக், யங்ஸ்டவுன் ஸ்டேட் ஆகிய இரண்டு பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தவர்கள் மயிற்பீலியிலிருந்து லேசர் ஒளியை வரவழைத்திருக்கிறார்கள்.

செய்முறை நம் வீட்டுத் துணிக்குச் சாயம் ஏற்றுகிற மாதிரிதான். ரோடமின் 6ஜி என்ற ஒளிரும் சாயத்தில் பீலியின் கண்ணை நனைப்பது, காயவிடுவது, மறுபடி நனைப்பது. ஒருமுறை தோய்த்தால் போதவில்லை, திரும்பத் திரும்பச் செய்த பிறகுதான் பலித்தது. அப்புறம் பச்சை லேசர் துடிப்பை அதன்மேல் அடித்தார்கள். பதிலுக்குப் பீலி மிகக் குறுகிய இரண்டு ஒளிக்கோடுகளைத் தந்தது. அவற்றின் அலைநீளம் 574 நானோமீட்டர், 583 நானோமீட்டர்.

லேசருக்கு ஒளி முன்னும் பின்னும் போய்வர ஒரு கூடு வேண்டும். பெரிய லேசர்களில் இரண்டு கண்ணாடிகள் அந்த வேலையைச் செய்யும். எனக்குப் பிடித்த இடம் இதுதான்: பீலியின் நீலப் பகுதியில் அடித்தாலும் பச்சையில் அடித்தாலும் பழுப்பில் அடித்தாலும் அதே இரண்டு கோடுகள். நிறத்தைத் தரும் குச்சி வரிசைதான் கூடு என்றால், இடைவெளி மாறும்போது கோடும் மாறியிருக்க வேண்டுமே. மாறவில்லை. ஆக, குச்சி வரிசையைத் தவிர வேறேதோ ஒரு சீரான நுண்ணமைப்பு பீலி முழுக்கப் பரவிக் கிடக்கிறது. புரதத் துகள்களாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். முருகன் காலத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும் பீலிக்குள் இன்னும் ஒரு அறை பூட்டியே இருக்கிறது.

அளவு மாறினால் நிறம் மாறும் என்ற விதியை மனிதர்களும் கைவசப்படுத்திவிட்டார்கள். குவாண்டம் புள்ளிகள் என்று பெயர். காட்மியம் செலினைடு என்ற ஒரே பொருள், 2 நானோமீட்டர் பொடியாக இருந்தால் நீலமாக ஒளிரும், 6 நானோமீட்டர் என்றால் சிவப்பாக. மௌங்கி பவெண்டி, லூயி புரூஸ், அலெக்சி எகிமோவ் மூவருக்கும் 2023 வேதியியல் நோபல் இதற்காகக் கிடைத்தது. டிவி கடையில் எல்லா டிவிக்கும் நடுவே ஒன்றில் மட்டும் நிறம் கண்ணைப் பறித்தால், உள்ளே இந்தப் புள்ளிகள் இருக்க வாய்ப்புண்டு. விலையைப் பார்த்துவிட்டு நான் வெளியே வந்துவிட்டேன், அதனால் மேலே சொல்ல ஒன்றுமில்லை.

[காட்சி: சமையலறை மேடையில் ஒரு தண்ணீர் பாட்டில். பின்னால் எவர்சில்வர் குடம்.]

அடுத்தது தண்ணீர். பிளாச்சிமடை எங்களுக்குப் பக்கத்து ஊர். நிலத்தடி நீருக்காக அங்கே குளிர்பான ஆலையை எதிர்த்து நடந்த போராட்டத்தைப் பார்த்தவர்கள் நாங்கள். பாட்டிலில் அடைத்த எதைப் பார்த்தாலும் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் முகம் ஒரு மாதிரி மாறும்.

இந்தப் பாட்டிலுக்குள் பிளாஸ்டிக் தூள் இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வடிகட்டிப் பார்க்கலாம். ஆனால் நானோ அளவுத் துகள் சாதாரண வடிகட்டியில் நிற்காது, நுண்ணோக்கியில் தெரிந்தாலும் அது பிளாஸ்டிக்கா தூசியா என்று சொல்ல முடியாது. இங்கேதான் நம் திருச்சிக்காரர் வருகிறார்.

சி. வி. ராமன் 1928-ல் கண்டது இதுதான். ஒரு பொருளின்மேல் பட்டுச் சிதறும் ஒளியில் மிகமிகச் சின்னப் பங்கு நிறம் மாறித் திரும்புகிறது. மூலக்கூறுகள் சும்மா இருப்பதில்லை, அவை ஆடிக்கொண்டே இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு தனி ஆட்டம். அந்த ஆட்டம் ஒளியின் நிறத்தைக் கொஞ்சம் நகர்த்திவிடுகிறது. எவ்வளவு நகர்ந்தது என்று பார்த்தால் ஆடியது யார் என்று சொல்லிவிடலாம். ஆனால் சிதறும் ஒளித்துகள்களில் ஏறத்தாழ ஒரு கோடிக்கு ஒன்றுதான் இப்படி மாறி வருகிறது. ஒரே ஒரு நானோ துகளிடமிருந்து அதைப் பிடிப்பதற்குள் பொழுது விடிந்துவிடும்.

அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் இரண்டு லேசர்களைச் சேர்த்து அடித்தார்கள். இரண்டின் அதிர்வெண்ணுக்கும் இடையிலான வித்தியாசம் பிளாஸ்டிக்கின் ஆட்டத்தோடு சரியாகப் பொருந்தும்படி வைத்துக்கொண்டார்கள். கல்யாண வீட்டு ஸ்பீக்கரில் பாட்டு ஓடும்போது ஒரு குறிப்பிட்ட இடம் வந்தால் மட்டும் அலமாரியில் எவர்சில்வர் தட்டு "கிர்ர்" என்று அதிருமே, அதே கதைதான். தட்டுக்குப் பிடித்த சுருதி வந்தால் தட்டு தானே காட்டிக்கொடுத்துவிடும்.

2024 ஜனவரியில் முடிவை வெளியிட்டார்கள். அமெரிக்கக் கடைகளில் விற்கும் மூன்று வகைத் தண்ணீரில், லிட்டருக்குச் சராசரியாக 2,40,000 பிளாஸ்டிக் துகள்கள். அவற்றில் பத்துக்கு ஒன்பது நானோ அளவு. பாட்டில் செய்யும் பிளாஸ்டிக் இருந்தது, சரி, எதிர்பார்த்ததுதான். பாலியமைடு என்ற நைலான் வகைப் பிளாஸ்டிக்கும் நிறைய இருந்தது. அது தண்ணீரைச் சுத்தம் செய்யும் வடிகட்டியிலிருந்தே வந்திருக்கலாம் என்கிறார்கள். வீட்டைப் பெருக்கிய துடைப்பமே குப்பையைக் கொட்டியதுபோல.

வாட்ஸ்அப்பில் அனுப்புவதற்கு முன் ஒரு வார்த்தை. இந்த ஆய்வு துகள்களை எண்ணியது, அவ்வளவுதான். குடித்தால் என்ன நோய் வரும் என்று அது பார்க்கவே இல்லை. எங்கள் ஆழியாற்றுத் தண்ணீரையோ உங்கள் கேன் தண்ணீரையோ அது சோதிக்கவும் இல்லை. பாட்டிலைப் படம்பிடித்து முடித்ததும் நான் குடத்துத் தண்ணீரைத்தான் குடித்தேன் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

[காட்சி: இரவு. வேலந்தாவளம் சாலைக்கு மேலே நட்சத்திரங்கள்.]

கையில் இருக்கும் பாட்டிலை ஒளியால் விசாரிப்பது ஒரு பக்கம். 1,300 ஒளியாண்டுக்கு அப்பால் இருப்பதையும் ஒளியைக் கொண்டே விசாரிக்கிறார்கள்.

அதற்கான கருவி ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி. அதன் கண்ணாடி 18 துண்டுகள் சேர்ந்து 6.5 மீட்டர் அகலம். அகச்சிவப்பு ஒளியை நன்றாகத் திருப்ப வேண்டும் என்பதால் தங்கமுலாம். அந்த முலாமின் தடிமன் வெறும் 100 நானோமீட்டர், மயிற்பீலிக் குச்சிகளின் இடைவெளியைவிடக் குறைவு. மொத்தக் கண்ணாடிக்கும் ஆன தங்கம் 48 கிராம் சொச்சம். ஆறு பவுன்! எங்கள் பக்கத்தில் ஆறு பவுனை வைத்துக்கொண்டு கல்யாணப் பேச்சையே எடுக்க முடியாது.

வாஸ்ப்-17பி என்று ஒரு கோள். வியாழனைவிட ஏழு மடங்குக்கும் மேல் பருமன், எடையோ வியாழனில் பாதிகூட இல்லை. பஞ்சு மிட்டாய் மாதிரி. தன் சூரியனை ஒட்டி 3.7 நாளில் ஒரு சுற்று முடித்துவிடும். அந்தச் சூரியனுக்குக் குறுக்கே கோள் போகும்போது, அதன் விளிம்பிலுள்ள காற்றைத் துளைத்துக்கொண்டு கொஞ்சம் ஒளி நம் பக்கம் வருகிறது. ஜன்னலுக்கு நேராகப் பீலியைப் பிடித்தேனே, அதே வேலை. வெப் ஏறத்தாழ பத்து மணி நேரம் பார்த்தது. 8.6 மைக்ரோமீட்டர், அதாவது 8,600 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளி கொஞ்சம் விழுங்கப்பட்டிருந்தது.

விழுங்கியது குவார்ட்ஸ். ஆற்று மணலில் மினுங்குமே, அதே கல். அங்கே அது மேகமாக மிதக்கிறது. சுமார் 1,500 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வாயுவிலிருந்து நேராகப் படிகமாகிவிடுகிறது. ஒவ்வொரு படிகத்தின் அளவு? சுமார் 10 நானோமீட்டர். பீலியில் நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவே இருந்த அதே பத்து. 2023 அக்டோபரில் இது வெளிவந்தது. மக்னீசியம் கலந்த கற்தூள்களைத்தான் அவர்கள் எதிர்பார்த்திருந்தார்கள், வெறும் குவார்ட்ஸை எதிர்பார்க்கவில்லை.

இதை யாரும் வைரல் ஆக்கவில்லை. வைரல் ஆனது கே2-18பி என்ற இன்னொரு கோள். 124 ஒளியாண்டு தூரம். கேம்பிரிட்ஜில் இருக்கும் நிக்கு மதுசூதன் குழுவினர் 2025 ஏப்ரலில், அதன் காற்றில் டைமெத்தில் சல்ஃபைடு இருப்பதற்கான தடயம் கிடைத்திருக்கிறது என்றார்கள். பூமியில் அந்த வாயுவைப் பெரும்பாலும் கடல் மிதவை உயிரிகள்தான் உண்டாக்குகின்றன. உடனே நானும் "உயிர் கண்டுபிடிச்சாச்சு!" என்று கொட்டை எழுத்தில் தம்ப்நெயில் போட்டேன். இந்தச் சேனலில் இன்றுவரை அதிகம் பேர் பார்த்தது அதுதான், இன்றுவரை நான் வெட்கப்படுவதும் அதற்குத்தான். தற்செயலாக இப்படி ஒரு தடயம் தோன்ற ஆயிரத்தில் மூன்று வாய்ப்பு என்று அவர்களே சொல்லியிருந்தார்கள். இயற்பியலில் ஒன்றைக் கண்டுபிடிப்பு என்று ஏற்க அதைவிடப் பலமடங்கு உறுதி கேட்பார்கள். அதே தரவுகளை வேறு குழுக்கள் வேறு வழியில் அலசியபோது அந்தத் தடயம் நிற்கவும் இல்லை. வாயு அங்கே இல்லை என்று யாரும் நிரூபித்துவிடவில்லை, கதவு திறந்தேதான் இருக்கிறது. என் தம்ப்நெயிலை மட்டும் மாற்றிவிட்டேன்.

[காட்சி: மறுநாள் காலை. வயல் வரப்பு, மின்கம்பி.]

படம்பிடிக்க மிச்சம் ஒன்றே ஒன்று. ராமன் 1934-ல் பறவைச் சிறகுகளின் நிறம் எங்கிருந்து வருகிறது என்று ஆராய்ந்து எழுதினார். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட பறவைகளில் ஒன்று நம் பனங்காடை. உட்கார்ந்திருக்கும்போது மங்கலாகத் தெரியும், சிறகை விரித்தால் பளீரென்று நீலம். அதுவும் சாயமில்லாத நீலம்தான். அதை இந்தக் கம்பியில் காட்டலாம் என்று ஆறு மணியிலிருந்து நானும் கேமரா பிடிக்கும் தம்பியும் வரப்பில் உட்கார்ந்திருக்கிறோம். ஒன்று வந்தது. "தம்பி, அங்க அங்க" என்று நான் கத்தியதும் பறந்துவிட்டது. அந்தக் கத்தல் மட்டும் பதிவாகியிருக்கிறது.