தட்டு கழுவின பையன்

நடுவர் அவர்களே, வணக்கம். பினாங்கில் சனிக்கிழமை இரவு நாசி கண்டார் சோற்றுக் கடை வரிசையை விட்டுவிட்டுப் பட்டிமன்றம் கேட்க வந்திருக்கும் உங்கள் எல்லாருக்கும் முதலில் ஒரு கும்பிடு. தலைப்பு, தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு நன்றியும் பரிவும் வருவது பாடத்தாலா தொண்டாலா என்பது. நான் தொண்டு பக்கம்.

எதிரணித் தலைவர் ஐயா நன்றாகவே பேசினார். நன்னெறிக் கல்வி என்று ஒரு பாடமே இருக்கிறது, செய்ந்நன்றியறிதல் அதிகாரத்தில் பத்துக் குறளையும் பிள்ளை மூச்சு விடாமல் ஒப்பிக்கிறது, அப்புறம் எதற்கு அதன் கையில் விளக்குமாறு என்று கேட்டுக் கைதட்டலும் வாங்கிவிட்டார். சரி ஐயா, நீங்கள் சொன்ன அந்த அதிகாரத்தின் பெயரையே பிரித்துப் பார்ப்போம். இன்றைக்கு நன்றி என்றால் 'தேங்க்ஸ்'. பழைய தமிழில் நன்றி என்றால் நன்மை, ஒருவர் நமக்குச் செய்த நல்லது. அதை அறிதல் என்றுதான் வள்ளுவர் பெயர் வைத்திருக்கிறாரே தவிர, நன்றி சொல்லுதல் என்று வைக்கவில்லை. தனக்காக யார் எத்தனை மணிக்கு எழுந்தார், எதைச் சுமந்தார் என்றே தெரியாத பிள்ளை எதை அறியும்? ஒப்பிக்கும், அவ்வளவுதான்.

நான் பட்டர்வொர்த் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. என் தப்பை நானே சொல்லிவிடுகிறேன். ஒரு வருஷம் பிள்ளைகளை முதியோர் இல்லத்துக்குக் கூட்டிப்போனேன். பேனர், பழக்கூடை, ஒரு பாட்டு, குழுவாக ஒரு போட்டோ, ஒரு மணி நேரத்தில் பஸ் ஏறிவிட்டோம். பழம் கொடுத்தீர்களே, அந்தப் பாட்டி பேர் என்ன என்று வழியில் கேட்டேன். ஒரு பிள்ளைக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. எதிரணி அதைத்தான் தொண்டு என்று நினைத்து அடிக்கிறதென்றால், நானும் சேர்ந்து அடிக்கிறேன்.

நான் சொல்வது சேவைவழிக் கற்றல். பாடத்தோடு கோத்த தொண்டு, முடிந்ததும் உட்கார்ந்து அதைப் பற்றிப் பேசுவது, எழுதுவது, எழுதத் தெரியாத சின்னதுகள் படம் வரைவது. அதற்காக வெளியே எங்கும் போகவில்லை, எங்கள் சிற்றுண்டிச்சாலையிலேயே ஆரம்பித்தோம். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் முறைவைத்து, மிச்சமாகிற மீயை, அதாவது நூடுல்ஸை, தராசில் நிறுத்து எழுதினார்கள், அது கணிதம். சமைக்கிற அக்காவிடம் போய் எத்தனை மணிக்கு எழுந்திருப்பீர்கள் என்று பேட்டி எடுத்தார்கள், அது தமிழ்ப் பாடம். அப்புறம் அவரோடு நின்று தட்டு கழுவினார்கள், நானும் கழுவினேன். அதில் ஒரு பையன், தினமும் பாதி மீயை லோங்காங்கில், அதாவது சாக்கடையில், கொட்டுகிறவன். சோப்புத் தண்ணீரில் ஊறி அக்காவின் விரல் நுனியெல்லாம் தோல் உரிந்திருந்ததை அவன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தான், ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் தட்டை ஒட்ட வழித்துச் சாப்பிட்டுவிட்டு, கரண்டியைத் தனியாக எடுத்து, மற்ற தட்டுகளோடு அடுக்கி வைத்துவிட்டுப் போனான். 'நன்றி அக்கா' என்று அன்றைக்கும் சொல்லவில்லை, இன்றைக்கு வரைக்கும் சொல்லவில்லை! ஐயா, அவனுக்கு நன்னெறியில் என்ன மதிப்பெண் போடுவீர்கள்?

ஆராய்ச்சி உண்டா என்றார்கள். உண்டு. 2012இல் வெளிவந்தது, கனடாவின் வான்கூவரில் 9 முதல் 11 வயதுப் பிள்ளைகளிடம் செய்தது. ஒரு பகுதிப் பிள்ளைகள் 4 வாரம், வாரத்துக்கு 3 நற்செயல் செய்தார்கள், மற்றவர்கள் வாரத்துக்கு 3 இடங்களுக்குப் போய்வந்தார்கள். மகிழ்ச்சி இரண்டு பக்கமும் கூடியது, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் நற்செயல் செய்த பிள்ளைகளைத்தான் வகுப்புத் தோழர்கள் இன்னும் அதிகமாகச் சேர்த்துக்கொள்ள விரும்பினார்கள். வகுப்பில் ஒதுக்கிவைக்கப்படும் ஒரு பிள்ளையைப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

நேரம் இல்லை என்பதெல்லாம் பழைய சாக்கு. ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் எழுதின யூபிஎஸ்ஆர் அரசுத் தேர்வு 2021லேயே போய்விட்டது.

ஆனால் எதிரணித் தங்கை கேட்ட ஒன்று என்னைக் குத்தியது. என் பிள்ளையைத் தட்டு கழுவவா பள்ளிக்கு அனுப்புகிறேன் என்று பெற்றோர் கேட்பார்களே என்றாள். கேட்டார்கள் தங்கை, என்னிடமே கேட்டார்கள். என் பாட்டி ரப்பர் எஸ்டேட்டில் பால் எடுக்க மரம் வெட்டினவர், துரை வீட்டுப் பாத்திரமும் தேய்த்தவர், என் பேத்திக்கு இது வேண்டாம் என்று வைராக்கியமாகப் படிக்கவைத்தவர். அந்தக் கோபம் நியாயம். அதனால்தான் ஒரு விஷயத்தில் கறாராக இருக்கிறேன்: வேலையைத் தண்டனையாக்கக் கூடாது. பேசினவனைக் கழிவறை கழுவச் சொல்கிற பள்ளியில் கழுவுகிறவரைப் பிள்ளை எப்படி மதிக்கும்? ஆசிரியரும் சேர்ந்து கழுவ வேண்டும், எல்லாப் பிள்ளைக்கும் முறை வர வேண்டும், கெட்டிக்காரப் பிள்ளைக்கு விலக்கு இல்லை.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகிற வழியில் தண்ணீர்ப்பந்தலில் நம் பிள்ளைகள் நிற்கவில்லையா, அது போதாதா என்றார் ஐயா. நிற்கிறார்கள், அழகாகக் குவளை நீட்டுகிறார்கள். ரதத்துக்கு முன்னால் உடைத்த தேங்காயும் காலில் மிதிபடும் குவளையுமாகக் கிடக்கிற சாலைக்கு மறுநாள் காலையில் யார் வருகிறார்கள் என்று நாம் ஒருநாளாவது கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறோமா?

மணி அடித்துவிட்டார்கள். நடுவர் அவர்களே, தீர்ப்பு எப்படி வந்தாலும் என் அணி இங்கேயே நின்று நாற்காலிக்கு அடியில் கிடக்கும் தேநீர்க் குவளைகளைப் பொறுக்கிவிட்டுத்தான் கிளம்பும். மண்டபத்தில் விளக்குமாறு இரண்டுதான் இருக்கிறது, விசாரித்துவிட்டேன். எதிரணிக்கு வாளியும் துணியும் எடுத்து வைத்திருக்கிறேன்.