கிருமி என்ற சொல்லும் பாக்டீரியாவும்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

கிருமி என்ற சொல்லுக்குப் பழைய பொருள் புழு. அந்தச் சொல்லைக் கண்ணுக்குத் தெரியாத உயிர்களுக்கும் வழங்கத் தொடங்கியபோது, புழுவின் மேல் நமக்கிருந்த அருவருப்பும் கூடவே வந்து ஒட்டிக்கொண்டது. பாக்டீரியா என்றதுமே நோய் நினைவுக்கு வருவதற்கு இந்தச் சொற்பழக்கமும் ஒரு காரணம் என்றே நான் கருதுகிறேன்.

1683ஆம் ஆண்டில் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வணிகர் ஆன்டனி வான் லீவன்ஹூக், தம் பல்லிடுக்கில் படிந்திருந்த வெண்ணிற மாவு போன்ற அழுக்கைச் சுரண்டி, மழைநீரில் கலந்து, தாமே தேய்த்துச் செய்த சிறு கண்ணாடி வில்லையின் (லென்ஸ்) வழியே பார்த்தார். சில உயிர்கள் மீன்போலப் பாய்ந்தன. சில பம்பரம்போலச் சுழன்றன. அவர் நாள்தோறும் காலையில் உப்பால் பல் தேய்ப்பவர், நோயாளியும் அல்லர். ஆனாலும் தம் வாயிலுள்ள உயிர்கள் தம் நாட்டு மக்கள்தொகையைவிட மிகுதி என்று வியந்து எழுதினார்.

அவர் மிகைப்படுத்தவில்லை. ஒரு மனித உடலில் ஏறத்தாழ 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் வாழ்கின்றன என்பது 2016இல் வெளியான மதிப்பீடு. உடலின் சொந்த உயிரணுக்களோ ஏறத்தாழ 30 லட்சம் கோடிதான். இருப்பினும் அந்தப் பாக்டீரியாக்கள் அனைத்தின் எடையும் சேர்ந்து 200 கிராம் அளவே இருக்கும், ஏனெனில் அவற்றில் பலவும் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஓரிரு பங்கு நீளமே உடையவை. பெரும்பாலானவை பெருங்குடலில் குடியிருந்து, நம்மால் செரிக்க முடியாத நார்ச்சத்தைச் சிதைத்து, குடற்சுவரின் உயிரணுக்களுக்கு உணவாகும் அமிலங்களைத் தருகின்றன. வைட்டமின் கே-யும் ஓரளவு ஆக்குகின்றன. இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதே அவை செய்யும் இன்னொரு பேருதவி. பயணிகள் நிறைந்த வண்டியில் புதியவர் ஏறமுடியாதது போலத்தான் இது.

அப்படியானால் நோய் எங்கிருந்து வருகிறது? பல வேளைகளில் இடம் மாறுவதால் வருகிறது. ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் பாக்டீரியா பத்தில் மூவர் மூக்கில் தொல்லையின்றி வாழ்கிறது. அதுவே ஆழமான புண்ணுக்குள் புகுந்தால் சீழ் பிடிக்கிறது, இரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து.

வேறு சில, நஞ்சினால் கொல்பவை. காலராவைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். அதன் பாக்டீரியா குடற்சுவரைத் துளைப்பதில்லை. மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு ஒரு நச்சை மட்டும் உள்ளே அனுப்புகிறது. அந்த நச்சினால் உப்பின் ஒரு கூறான குளோரைடு வெளியேறும் உயிரணு வாயில்கள் மூடாமலே நின்றுவிட, உப்பு வெளியேறுகிறது, உப்பைத் தொடர்ந்து நீரும் வெளியேறுகிறது. கடும் நோயில் மணிக்கு ஒரு லிட்டர் வரை. பாக்டீரியாவை முற்றிலும் வடிகட்டி நீக்கிய திரவமே முயலின் குடலில் இந்த விளைவை உண்டாக்குகிறது என்பதைக் கொல்கத்தாவில் சம்பு நாத் டே 1959இல் மெய்ப்பித்தார். அவருக்கு உரிய புகழ் கிடைக்கவில்லை என்ற ஆதங்கம் எனக்கு உண்டு. சர்க்கரையுடன் உப்பின் மற்றொரு கூறான சோடியத்தை உறிஞ்சும் வேறொரு வழியை இந்த நச்சு தொடுவதில்லை. உப்பு சர்க்கரைக் கரைசல் உயிர் காப்பது அந்த வழியினால்தான்.

இனி பாக்டீரியாக்களை எதிர்க்கும் ஆன்டிபயாடிக் மருந்துகள். வைரசால் வரும் சளிக்கு இவை பயன்படா. தேவையின்றி உண்ணும்போது அழிபவை நம் குடியிருப்பாளர்களே. காலியான இடத்தில் கிளாஸ்ட்ரிடியாய்டஸ் டிஃபிசில் போன்ற பாக்டீரியாக்கள் பெருகிக் கடும் பேதியை உண்டாக்கக்கூடும். இன்னொன்றும் நிகழ்கிறது. தக்க சூழலில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகும் பாக்டீரியா ஒன்று, ஏழு மணி நேரத்தில் 20 லட்சத்தைத் தாண்டிவிடும். அத்தனை பிரதிகளில் தற்செயலாக மருந்தைத் தாங்கும் ஒன்று இருந்து, மற்றவை மடிந்தால், களம் முழுவதும் அதற்கே. பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், 1945இல் நோபல் உரையிலேயே குறைந்த அளவில் மருந்து உண்பதன் ஆபத்தை எச்சரித்தார்.

மருந்தைத் தாங்கும் திறன் வழித்தோன்றல்களுக்கு மட்டும் போவதில்லை. பிளாஸ்மிட் என்னும் சிறு மரபணு வளையமாக, ஒரு பாக்டீரியாவிலிருந்து பக்கத்திலிருக்கும் மற்றொன்றுக்கும், இனம் வேறாயினும் கைமாறுகிறது. நம் குடலில் தீங்கின்றி வாழும் ஒன்று அதைப் பெற்று வைத்திருந்து, பின்னொரு நாள் உள்ளே வரும் நோய்ப் பாக்டீரியாவிடம் ஒப்படைத்துவிடவும் கூடும்.